கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே

நெல்லைப் பக்கம் ஒரு வேலை முடியாமல் இழுத்தால், ‘கன்னித்தீவு மாதிரில்லா போகுது’ என்பார்கள். காயாமொழிக்காரர் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தியில் 1960 முதல் வரும் சித்திரத்தொடர் அது. டீக்கடை பெஞ்சில் அதை எழுத்துக்கூட்டியே வாசிக்கப் பழகியவர்கள் உண்டு. அதன் நாயகன் சிந்துபாத் வாளை ஓங்குவான். வெட்டு விழ மறுநாள் ஆகும். அந்த ஒருநாள் இடைவெளியில்தான் ருசியே.

இதைக் கார்ட்டூன் படமாக்கினால்? ஹாங்காங்கில் முன்மாதிரி இருக்கிறது. அல்போன்சோ வோங் 1960களில் வரையத் தொடங்கிய சித்திரத்தொடரின் நாயகன் ‘ஓல்டு மாஸ்டர் கியூ’ அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த ஆள். நீள அங்கி, ஒல்லி உடம்பு, மீசை. கூடவே ஒரு குண்டு நண்பன். நாலைந்து கட்டம், வசனம் சொற்பம். கெத்தாக நடந்து வருபவர் கடைசிக் கட்டத்தில் குப்புறக் கிடப்பார். விழுந்ததை நாம்தான் மனசுக்குள் ஓட்டிக்கொள்ள வேண்டும்.

1981இல் அந்தத் தொடர் அனிமேஷன் படமானபோது, அவர் விழுவதையும் வரைந்தாக வேண்டியிருந்தது. நொடிக்கு 24 பிரேம் ஓடும் திரையில், தடுக்குவதற்கும் விழுவதற்கும் நடுவே எத்தனை பிரேம் விடுவது என்பதுதான் கைவரிசை. கொஞ்சம் கூடினாலும் சிரிப்பு போச்சு. (புரூஸ் லீயையும் கார்ட்டூனாக உள்ளே இழுத்துவிட்டார்கள், கில்லாடிகள்!)

கன்னித்தீவுக்கும் அந்தச் சிரிப்புதான் சரிவரும்; வீரப்படமாக எடுத்தால் தேறாது. அறுபது வருஷத்துக்கு மேலாக அலைகிற மனுஷனை வைத்துக் காமெடிதான் எடுக்க முடியும். வசனத்தை நெல்லைப் பேச்சில் பாளையங்கோட்டை ஆள் யாராவது எழுதட்டும்.