மறப்பது யார் குற்றம்?

செய்யாற்றில் அரசுப் பள்ளி ஒன்றில் படிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். மாலையில் கணிப்பொறியின் முன் அமர்கிறாள். கண்ணுக்கு இதமாக எழுத்தின் அளவைப் பெரிதாக்குகிறாள். தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கிறாள். அறிவியல் கட்டுரை ஒன்றைத் தட்டி முடித்துவிட்டு எழுந்து போகிறாள். மறுநாள் திறந்தால் எழுத்து பழையபடி சிறுத்துக் கிடக்கிறது. விசையைத் தட்டினால் ஆங்கிலம் வருகிறது. “நீ எதையோ தப்பாகத் தட்டியிருப்பாய்” என்கிறார் அண்ணன்.

அவள் தப்பாகத் தட்டவில்லை. கணிப்பொறிதான் மறந்துவிட்டது. இந்த மறதி எங்கிருந்து வருகிறது? இதைச் சிறு குறை என்று தள்ளிவிடலாமா? பார்ப்போம்.

ஆரணித் தறி சொல்லும் பாடம்

செய்யாற்று வாசகர்களுக்கு ஆரணி அடுத்த ஊர். அங்கே பட்டுத்தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு சேர்ந்த கொக்கி பாவு இழையை உயர்த்தும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு உருவாக்கிய முறை இது. நெசவாளர் தறியை விட்டு எழுந்து போனாலும் அட்டை மறப்பதில்லை. ஓர் ஆண்டு கழித்து மாட்டினாலும் அதே மாங்காய், அதே மயில்தான் விழும்.

கணிப்பொறியில் இரு வகை நினைவு உண்டு. ஒன்று, மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்பது. இது மிக வேகமானது. மற்றது வட்டு. அது மெதுவானது, ஆனால் ஜக்கார்டு அட்டைபோல மின்சாரம் போனாலும் எழுதியதை விடாது. நீங்கள் செய்யும் மாற்றம் முதல் நினைவில்தான் விழுகிறது. அதை வட்டில் உள்ள கோப்புக்குக் கொண்டு சேர்ப்பது ஆபரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயங்குதளத்தின் கடமை. இந்த இடைவெளியில்தான் மறதி பிறக்கிறது.

2009-இல் எழுந்த வழக்கு

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6.28-ஆம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ‘எக்ஸ்ட்4’ என்னும் புதிய முறை, அதில் பயன்பாட்டுக்குத் தயார் என அறிவிக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அதைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து முறையீடுகள் எழுந்தன. கணிப்பொறி திடீரென நின்று மறுபடி கிளம்பினால், திரை அமைவுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. அமைவுக் கோப்புகள் பெயரளவில் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை.

என்ன நடந்தது? அமைவை மாற்றும்போது பல நிரல்கள் பழைய கோப்பைத் தொடுவதில்லை. புதிய கோப்பை வேறு பெயரில் எழுதி முடித்து, பிறகு பழையதன் இடத்தில் அதை வைக்கும். நல்ல வழிதான். தறிக்காரரும் புதிய அட்டைகளை முழுதும் துளையிட்ட பிறகே பழையவற்றைக் கழற்றுவார். ஆனால் எக்ஸ்ட்4 வேகத்துக்காக, கோப்பின் உள்ளடக்கத்தை வட்டில் எழுதுவதைத் தள்ளிப் போட்டது. முந்தைய ‘எக்ஸ்ட்3’ முறையில் ஏறத்தாழ 5 நொடியில் முடிந்த வேலை, இதில் அரை நிமிடமோ அதற்கு மேலோ காத்திருந்தது. பெயர் மாற்றம் மட்டும் முன்னதாகவே பதிவாகிவிட்டது. அதாவது, பழைய அட்டைகளைக் கழற்றிவிட்டு, இன்னும் துளையிடாத வெற்றட்டைகளைத் தறியில் மாட்டியாயிற்று! அந்த வேளையில் மின்சாரம் நின்றால் புடவையில் பூ எப்படி விழும்?

இம்முறையை உருவாக்கியவர்களில் முதன்மையான டெட் சோ விளக்கம் தந்தார். “உடனே வட்டில் எழுது” என்று நிரல் தனியாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய, எழுதப்பட்டதற்கு உறுதி இல்லை. ‘போசிக்ஸ்’ என்னும் பொது விதி அப்படித்தான் இருக்கிறது. கேட்காமல் விட்டது நிரல் எழுதியவர்களின் பிழை என்பது அவர் வாதம். விதிப்படி அது சரி. நிரல் எழுதியவர்களிடமும் பிழை உண்டு. ஆனால் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர் அந்த விதியைப் படித்தவரா? “மாற்றம் செய்யப்பட்டது” என்று திரை காட்டியது, அவர் நம்பினார். எழுதி முடிக்கும் முன்பே எழுதிவிட்டதாகக் காட்டுவது, சரக்கு வரும் முன்பே ரசீது கொடுப்பது போன்றது. டெட் சோ வாதத்தோடு நிற்காமல் திருத்தமும் செய்தார் என்பதைப் பாராட்ட வேண்டும். 2009 ஜூனில் வந்த 2.6.30-ஆம் பதிப்பில், ஒரு கோப்பு இன்னொன்றின் இடத்தைப் பிடிக்கும்போது அதன் உள்ளடக்கமும் தாமதமின்றி வட்டுக்கு அனுப்பப்பட்டது.

மின்சாரம் நிற்பது அரிது என்று எண்ணும் இடத்தில் அரை நிமிடத் தாமதம் பெரிதாகத் தோன்றாது. 2012-இல் தமிழ்நாட்டு ஊர்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றதை அறிந்தவர்களுக்கு அது பெரிது.

மறதி எந்தப் பக்கம் சாய்கிறது?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மறந்த கணிப்பொறி வெறுமையாக நிற்பதில்லை. தன்னைச் செய்தவர் வைத்த தொடக்க நிலைக்குத் திரும்புகிறது. அந்தத் தொடக்க நிலையில் மொழி ஆங்கிலம்; எழுத்து சிறியது. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்குக் கணிப்பொறி மறந்தாலும் இழப்பு குறைவு. தமிழில் தட்டுபவருக்கும், கண்பார்வை குறைந்தவருக்கும் ஒவ்வொரு மறதியும் முழு இழப்பு. நாலு முறை தமிழைத் தேர்ந்தெடுத்துச் சலித்தவர், ஐந்தாம் முறை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவார். ஆகவேதான் இதைச் சிறு குறை என்று தள்ள முடியாது.

மறதி வேறு, மறுப்பு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் வந்த கணிப்பொறிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தன. ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தை மாற்றும் வசதியே இல்லை. அது மறந்ததன்று, நிறுவனம் வேண்டுமென்றே விட்டுவைத்த குறை.

நீங்களே கண்டறியலாம்

உங்கள் கணிப்பொறி மறக்கிறதா? வரிசையாகக் கேளுங்கள்.

ஒன்று: நாளும் நேரமும் தவறுகின்றனவா? அப்படியானால், உள்ளே இருக்கும் பொத்தான் அளவு மின்கலம் தீர்ந்திருக்கலாம். பல கணிப்பொறிகளில் இது சி.ஆர். 2032 வகை, 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. 3 வோல்ட் தருவது. ஆனால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறினால் மின்கலத்தைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸ் கடிகாரத்தில் இந்திய நேரத்தை வைக்கும். லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தை வைக்கும். இரண்டும் ஒரே கணிப்பொறியில் இருந்தால் இந்தச் சண்டை வரும்.

இரண்டு: நேற்று எந்த இயங்குதளத்தில் மாற்றினீர்கள்? ஒன்றில் செய்தது மற்றொன்றுக்குத் தெரியாது.

மூன்று: வட்டு நிரம்பிவிட்டதா? எழுத இடமில்லையெனில் அமைவு எங்கே போய் அமரும்?

நான்கு: புதிய பயனர் கணக்கு ஒன்று திறந்து பாருங்கள். அதில் அமைவுகள் நிலைத்தால், பழைய கணக்கின் கோப்புதான் பழுது. விண்டோஸ் அப்போது தற்காலிகக் கணக்கு ஒன்றைத் தந்து, வெளியேறியதும் அழித்துவிடும். அறிவிப்பை ஓரத்தில் சிறிதாகக் காட்டும், பலர் கவனிப்பதில்லை.

ஐந்து: பள்ளி ஆய்வகக் கணிப்பொறியா? ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பழைய நிலைக்கு மீட்கும் மென்பொருளை ஆசிரியர் வேண்டுமென்றே வைத்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதுவானாலும், மின் இணைப்பைப் பிடுங்காமல் முறைப்படி நிறுத்துங்கள். அப்போதுதான் காத்திருக்கும் எழுத்தெல்லாம் வட்டைச் சேரும்.

அந்தச் செய்யாற்று மாணவிக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: “அம்மா, குற்றம் உன்னுடையதாக இருக்க வேண்டியதில்லை. எங்கே மறந்தது என்று தேடு, கண்டதை எழுதி வை, செய்தவர்களிடம் கேள்.” 2009-இல் ஒரு கோப்பு முறை திருந்தியது, பயன்படுத்தியவர்கள் தங்களையே நொந்துகொள்ளாமல் கேள்வி கேட்டதால்தான்.