கூழும் மீசையும்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பார் தொல்காப்பியர். அவற்றுள் முதலாவது எள்ளல். பிறரை எள்ளிச் சிரிப்பது எளிது. தம்மையே எள்ளிக்கொள்வது அரிது. ஆடவரை நகைச்சுவைக்குப் பொருளாக்கும்போது நம் திரைப்படங்கள் பெரும்பாலும் எளிய வழியையே நாடின. உடல் மெலிந்தவன், மனைவிக்கு அஞ்சுபவன், அடிக்குப் பயந்து ஓடுபவன் ஆகியோரை முன்னே நிறுத்தி நம்மைச் சிரிக்கச் செய்தன. அந்தச் சிரிப்பால் கதைத்தலைவனின் வீரம் மேலும் ஓங்கிற்று. ஆண்மை எனப்படுவது யாது என்னும் வினா எழவேயில்லை.

அவ்வினாவை எழுப்பிய கதை ஒன்று உண்டு. 1979ஆம் ஆண்டு ஹிருஷிகேஷ் முகர்ஜி இந்தியில் 'கோல் மால்' என்று எடுத்தார். அதனையே 1981இல் கே. பாலசந்தர் 'தில்லு முல்லு' என்று தமிழாக்கினார், உரையாடல் விசுவினுடையது. தலைநகரில் வாழும் தமிழராகிய நாம் இரண்டையும் மொழிபெயர்ப்பின்றிச் சுவைக்கும் பேறு பெற்றவர்கள். ஆகவே இரண்டையும் ஒப்புநோக்குவது பொருந்தும்.

கதை நாம் அறிந்ததே. முதலாளி ஒருவர், மீசையே ஆடவனின் நல்லொழுக்கத்திற்குச் சான்று என்பது அவர் கொள்கை. இந்தியில் உத்பல் தத்தும் தமிழில் தேங்காய் சீனிவாசனும் அவராக வாழ்ந்து காட்டினர். வேலை தேடி வரும் இளைஞன் அவருக்குப் பிடித்தவாறு உடுத்து, விளையாட்டென்றால் என்னவென்றே அறியாதவனாக நடித்து, வேலையைப் பெறுகிறான். பின்னர்ப் பொய் சொல்லி விடுப்பெடுத்துப் பந்தயம் பார்க்கப் போய் அவர் கண்ணில் படுகிறான். 'அது நானல்லன், மீசையில்லாத என் தம்பி' என்று சாதிக்கிறான். தம்பியாக வரும்போது மழித்த முகம்; அண்ணனாக வரும்போது ஒட்டு மீசை.

'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்பது நம் பழமொழி. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்பது அதன் கருத்து. இக்கதையிலோ மீசை இருந்தால்தான் கூழ். வீரத்தின் அடையாளம் என்று நாம் போற்றும் மீசை இங்கே பணிவின் சின்னமாகிவிடுகிறது. மீசை வைத்த சந்திரன் கைகட்டி நிற்கிறான்; மீசையற்ற இந்திரன் நிமிர்ந்து பேசுகிறான், பாடுகிறான், காதலிக்கிறான். முதலாளியின் மகள் சரோஜினி மனம் கொடுப்பதும் இந்திரனுக்கே. ஆண்மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும் பொருளன்று என்பதை இதைவிட நயமாக உணர்த்த இயலாது.

இவ்விடத்தில் தமிழ்ப்படம் ஒரு படி மேலே நிற்கிறது என்பது நம் கருத்து. 'ரஜனிகந்தா' (1974) முதலே அமோல் பாலேகர் எளிய நடுத்தரக் குடும்பத்து ஆடவராக அறியப்பட்டவர். அவர் மீசையை இழப்பதில் வியப்பில்லை. ஆனால் ரஜினிகாந்த் 1980இல்தான் 'பில்லா'வாகவும் 'முரட்டுக்காளை'யாகவும் திரையை ஆண்டவர். அத்தகைய நாயகர் மறு ஆண்டே மீசையை மழித்துக்கொண்டு, முதலாளி முன் நடுங்கி, பொய்க்குமேல் பொய் அடுக்கித் திணறினார். தம் வீரத் தோற்றத்தையே அவர் எள்ளலுக்கு ஒப்படைத்தார். அரிது என்று தொடக்கத்தில் நாம் கூறிய எள்ளல் இதுவே.

முடிவிலோ இந்திப்படம் முந்துகிறது. அதன் இறுதியில் எடுக்கப்படும் குடும்பப் படத்தில் முதலாளியே மீசையின்றி நிற்கிறார். சட்டம் இயற்றியவரே அதனைக் கைவிடுவதில் நகைச்சுவை நிறைவடைகிறது.

இரண்டிற்கும் பொதுவான குறையும் உண்டு. மகள் யாரை மணக்க வேண்டும் என்று தந்தை முடிவு செய்வதைக் கதை கேலி செய்கிறதேயன்றி, அவள் வாயால் கேள்வி கேட்கச் செய்யவில்லை. ஆடவரின் இரு வேடங்களுக்கு நடுவே அவள் பரிசுப்பொருளாகவே நின்றுவிடுகிறாள்.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு 'தில்லு முல்லு' பார்த்துக்கொண்டிருந்தபோது நம் மகன் கேட்டான்: "அப்பா, ஆபீஸ்ல நீங்க சந்திரனா, இந்திரனா?" இல்லாள் சிரித்துவிட்டார். நமக்கு உடனே விடை எழவில்லை. மேலதிகாரி அறைக்குள் நுழையுமுன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்ளும் கை நம்முடையது. ஊரிலிருக்கும் பாட்டியின் உடல்நலத்தைக் காரணமாகக் காட்டிக் கிரிக்கெட் பார்க்கப் போனதும் உண்டு. அலுவலகத்தில் அவ்வளவு பணிந்த நாம், வீட்டிற்குள் வந்ததும் மீசையை முறுக்கிக் குரலை உயர்த்துவதும் உண்டு. வெளியே செலுத்திய பணிவுக்கெல்லாம் வீட்டில் வட்டி வாங்குகிறோம்.

"அங்கே சந்திரன்தான். இங்கேயாவது இந்திரனா இருக்கப் பார்க்கறேன்" என்றோம். அவன் அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டான்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பது நம் ஆடவருக்குப் பழகிப்போன ஒன்று. மண் ஒட்டியதை ஒப்புக்கொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்துவிட்டால் வீட்டில் யாருக்கும் ஒட்டு மீசை தேவைப்படாது. நல்ல நகைச்சுவைப் படம் நமக்குக் கற்பிப்பது இவ்வளவே, இதுவே பெரிது.