கட்டப்பாவின் கடனும் சிவகாமியின் தீர்ப்பும்
('பாகுபலி' இரண்டாம் பாகம்: ஒரு பார்வை)

ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பது நம் மாயாஜாலப் படங்களில் வழக்கமில்லாத சங்கதி. 1951-இல் 'பாதாள பைரவி', 1957-இல் 'மாயாபஜார்'. இரண்டையும் கே.வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் இயக்கினார். மந்திரவாதி மாண்டான், கல்யாணம் நடந்தது, கதையும் முடிந்தது. மிச்சத்தை அப்புறம் வந்து பாருங்கள் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்த வழியில் வந்த எஸ்.எஸ். ராஜமௌலியின் 'பாகுபலி'தான் 2015 ஜூலை 10-இல் நம்மை ஒரு கேள்வியோடு வீட்டுக்கு அனுப்பியது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்? 2017 ஏப்ரல் 28-இல் இரண்டாம் பாகம் வரும்வரை ஏறத்தாழ இரண்டு வருஷம் நாடு முழுக்க இதே பேச்சு.

விடை கிடைத்தது, வசூலும் குவிந்தது. ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிய முதல் இந்தியப் படம் என்ற பெயரும் வந்தது. ஆனால் 'ஏன் கொன்றான்' என்பதற்குப் படம் சொன்ன விடை சரியான விடைதானா? அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கண்ணுக்கு விருந்து

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். சும்மா சொல்லக்கூடாது, முதல் ஒன்றரை மணி நேரம் அலுப்பே தட்டவில்லை. தலையில் தீச்சட்டி ஏந்தி நடக்கிறாள் சிவகாமி. எதிரே மதம் பிடித்த யானை. தேரை இழுத்துக்கொண்டு வந்து அதை மறிக்கிறான் அமரேந்திர பாகுபலி. ராஜமாதாவின் நடை நிற்கவில்லை. அந்த ஒரு காட்சியிலேயே அவள் யார், அவன் யார், இருவருக்கும் நடுவில் உள்ள பாசம் என்ன என்று புரிந்துவிடுகிறது. வசனமே தேவைப்படவில்லை. குந்தள தேசத்தில் பாகுபலி அசடுபோல நடிப்பதும், கட்டப்பா 'மாமா'வாகக் கூடவே திரிவதும், இரவில் கொள்ளையர் புகுந்ததும் அந்த அசட்டு வேஷம் கலைவதும் நம் பழைய ராஜா ராணிக் கதைகளின் அதே ருசி. சாபு சிரிலின் அரண்மனைகளையும் கே.கே. செந்தில்குமாரின் ஒளிப்பதிவையும் பெரிய திரையில் பார்த்தவர்களுக்கே அருமை தெரியும்.

குறைகளும் உண்டு. முதல் பாகத்தில் வாளெடுத்துப் போராடிய அவந்திகா இதில் எங்கே போனாள்? கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கிறாள், அவ்வளவுதான். கடைசிப் போரில் பனைமரங்களை வளைத்து வீரர்களைக் கோட்டைக்குள் எறியும் காட்சியில் என் பக்கத்து இருக்கைப் பையன் கைதட்டினான். எனக்குச் சிரிப்பு வந்தது. மாயாஜாலத்தில் லாஜிக் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் யானைக் காட்சியில் நம்ப முடியாததை நம்பினோம், ஏனென்றால் அங்கே ஒரு தாயின் உயிர் இருந்தது. பனைமரத்தில் வித்தை மட்டும்தான் இருந்தது.

விசாரிக்காத தீர்ப்பு

இந்தப் படத்தின் உண்மையான நாயகி சிவகாமிதான். ரம்யா கிருஷ்ணனின் கண்கள் பாதி வசனத்தைப் பேசிவிடுகின்றன. மூத்த மகன் பல்வாள்தேவன் ஓவியத்தில் பார்த்த தேவசேனாவை மணம் முடித்துக் கொடு என்கிறான். பெண்ணின் மனம் என்ன என்று கேட்காமலே வாக்குக் கொடுத்துவிடுகிறாள். கொடுத்த வாக்கைக் காக்கப் போய் வளர்த்த மகனின் அரியணையைப் பறிக்கிறாள். பின்னால் பல்வாள்தேவனைக் கொல்லச் சதி நடந்தது என்று அவனும் அவன் தகப்பனும் நாடகமாடிக் காட்ட, பாகுபலியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்காமல் மரண தண்டனை விதிக்கிறாள்.

இந்த இடத்தில் எனக்குச் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஞாபகம் வந்தான். அவனும் விசாரிக்கவில்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பினான், கோவலன் மாண்டான். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் தானே கள்வன் என்று உணர்ந்து உயிரை விட்டான். சிவகாமியும் உண்மை தெரிந்த அடுத்த கணமே கைக்குழந்தையை ஏந்தி மக்கள் முன் நின்று இவனே உங்கள் அரசன் என்கிறாள். பிறகு ஆற்று வெள்ளத்தில் குழந்தையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்தபடி உயிரை விடுகிறாள். முதல் பாகத்தின் தொடக்கத்தில் யார் என்றே தெரியாமல் பார்த்த அந்தக் கைக்கு இரண்டாம் பாகத்தில்தான் பொருள் கிடைக்கிறது. ஒரு தொடர்ச்சிப் படம் செய்ய வேண்டிய வேலை இதுதான். இந்த மட்டில் ராஜமௌலியும், கதை எழுதிய அவர் தந்தை விஜயேந்திர பிரசாத்தும் நம் காவிய மரபை நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள்.

யார் உயிரால் கடன் அடைப்பது?

கட்டப்பாவிடம் வரும்போதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அவன் முன்னோர் அரியணைக்கு அடிமை என்று வாக்குக் கொடுத்தவர்கள். 'நீ கொல்கிறாயா, நான் கொல்லட்டுமா' என்று ராஜமாதா கேட்கிறாள். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையை அவன் முதுகில் குத்துகிறான். தன்னைக் காப்பாற்ற ஓடி வந்தவனையே குத்துகிறான். சாகும் நேரத்திலும் அந்தப் பிள்ளை தன் தாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். சத்யராஜ் அழுகிறார், அரங்கமே அழுகிறது. வெளியே வரும்போது பலர் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "என்ன விசுவாசம்!"

செஞ்சோற்றுக் கடன் நமக்குப் புதிதல்ல. கம்பனின் கும்பகருணன் என்ன செய்தான்? முதலில் அண்ணனிடம் நீ செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னான். கேட்கவில்லை என்றதும் போருக்குப் போய்த் தன் உயிரைக் கொடுத்தான். வீடணன் அறம் இல்லாத இடத்தை விட்டே வெளியேறினான். இந்த இரண்டில் எது சரி என்று பட்டிமன்றம் போட்டு இன்றும் வாதாடுகிறோம். ஆனால் இரண்டு பேருமே விலையைத் தங்கள் கையிலிருந்து கொடுத்தவர்கள். கட்டப்பா தன் கடனை இன்னொருவன் உயிரால் அடைத்தான். இதை விசுவாசம் என்று மெச்சுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொன்ற பிறகு சிவகாமியிடம் போய் உண்மையைச் சொல்கிறானே, அந்தத் துணிவு ஒரு நாழிகை முன்னால் வந்திருக்கக் கூடாதா?

படமும் அவனை அந்தக் கேள்வி கேட்கவில்லை. அதன் பின் 25 ஆண்டுகள், குற்றவாளி என்று தெரிந்தே பல்வாள்தேவனுக்கு ஊழியம் செய்கிறான். மகேந்திரன் வந்ததும் அவன் பக்கம் போகிறான். ஏன்? உரிய அரசன் அவன் என்பதால். அதாவது ஆண்டான் மாறினான், அடிமைத்தளை அறுபடவில்லை. மகேந்திரன் முடிசூடும்போது மகிழ்மதியில் நீதி திரும்பிவிட்டது என்று முரசு கொட்டுகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தைக் கட்டிப்போட்ட அந்த வாக்கை அவிழ்த்துவிட ஒரு வரி வசனம் போதுமே! 167 நிமிஷப் படத்தில் அதற்கு இடமில்லாமல் போனதுதான் என் வருத்தம்.

தேவசேனாவைப் பாருங்கள். மகிழ்மதியில் நிமிர்ந்து கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். பெண்கள் மேல் கை வைத்த தளபதியின் விரல்களை வெட்டியவள். அவளுக்குக் கிடைத்தது சங்கிலி. கேட்டவள் கூண்டில் கிடந்தாள், கேட்காதவன் காவலுக்கு நின்றான். படம் சொல்லாமல் சொல்லும் பெரிய உண்மை இதுதான் என்பேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

2025 அக்டோபர் 31-இல் இரு பாகங்களையும் சுருக்கி ஒரே படமாக்கி வெளியிட்டார்கள். கேள்வியையும் விடையையும் ஒரே மூச்சில் பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு வருஷப் பரபரப்பு கிடையாது. அப்போது எஞ்சி நிற்பது சிவகாமியின் அவசரமும் கட்டப்பாவின் மௌனமும்தான்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மில் பலர் இந்தப் படத்தை இந்தியில்தான் பார்த்தோம். பிரபாசுக்குச் சரத் கேல்கரின் குரல் எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கட்டப்பாவின் தழுதழுப்பைச் சத்யராஜின் சொந்தக் குரலில், மதன் கார்க்கியின் தமிழ் வசனத்தில் கேட்பது வேறு அனுபவம். பிள்ளைகளுக்கு ஒருமுறை தமிழில் போட்டுக் காட்டுங்கள். கூடவே பாண்டியன் கதையையும் கும்பகருணன் கதையையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "கட்டப்பா ஏன் கொன்றான்?" என்பதோடு நிறுத்தாமல், "கட்டப்பா மாட்டேன் என்று சொல்லியிருந்தால்?" என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் படத்தின் பதிலைவிட நன்றாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை உண்டு.