காய்ந்ததா, இறுகியதா? பழைய குழாய்ப் பசைகளுக்கு ஒரு சோதனை

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுத் தரைத்தொட்டியும் மோட்டாரும் மூழ்கிப்போயின. தண்ணீர் வடிந்ததும் மோட்டார் லைனை முழுதாகப் பிரித்து மாட்ட வேண்டியிருந்தது. அப்போது வாங்கி மீந்த பசைகளையெல்லாம் ஒரு பெயிண்ட் வாளியில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். அண்மையில் சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கியபோது அந்த வாளியை இழுத்துப் பார்த்தேன். பிவிசி பேஸ்ட் டப்பாக்கள் மூன்று, மரையில் தடவும் வெள்ளைப் பசை ஒரு டப்பா, பாதி தீர்ந்த சிலிகான் குழல், எபாக்சி புட்டி, நண்பர் விட்டுப்போன ஷெல்லாக் குப்பி. ஒன்றுகூட வாங்கிய பதத்தில் இல்லை.

எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி சாமானை எடுக்கவில்லை. “காஞ்சு போச்சா, இறுகிப் போச்சா? மொதல்ல அதப் பாத்துட்டு வாரும். வெறுமன காஞ்சதுன்னா எதுக்குக் காசச் செலவழிக்கீரு?” என்றார்.

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பி, மூன்று வாரம் வாளியில் இருந்த ஒவ்வொன்றையும் சோதித்தேன்.

காய்வது வேறு, இறுகுவது வேறு

திருச்செந்தூர் சாலையில் போனால் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். பாத்தியில் நீர் வற்றினால் உப்பு. அதில் தண்ணீரை விட்டால் மறுபடி உப்புநீர். போனது நீர் மட்டும்தான், உப்பு மாறவில்லை. இது காய்வது.

அந்தக் காலத்தில் இதே கரையில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து வீடு கட்டினார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கல்லாகிவிடும். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்பக் குழையாது. இது இறுகுவது.

தோணி கட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு கைப்பழக்கம். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் மரத்தோணிகளில், பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் பூசுவது பழைய வழக்கம். குங்கிலியம் மரப்பிசின். சூட்டில் இளகும், ஆறினால் கெட்டியாகும், மறுபடி அடுப்பில் வைத்தால் மறுபடி இளகும். சட்டியில் மீந்ததை எறிய வேண்டியதே இல்லை. இன்றைய பசைகளில் எது உப்பு, எது சுண்ணாம்பு என்பதுதான் என் சோதனை.

முறை எளியது. அரை அங்குலக் குழாய்த் துண்டுகளையும் எல்போக்களையும் ஜிஐ நிப்பிள்களையும் மீட்ட பசையால் இணைத்து 24 மணி நேரம் விட்டேன். பிறகு மாடித் தொட்டி லைனில் மாட்டி, இணைப்பைச் சுற்றி இரண்டு நாள் செய்தித்தாள் கட்டிவைத்தேன். தாள் நனைந்தால் தோல்வி.

மரைக்கான வெள்ளைப் பசை: 10-க்கு 8

சணலோடு சேர்த்து ஜிஐ குழாய் மரையில் தடவும் எண்ணெய்ப் பசை இது. டப்பாவைத் திறந்ததும் மேலே தோல்போல் ஓர் ஏடு. குச்சியால் தட்டினால் சத்தம் வந்தது. இதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் வகை. ஆனால் மேலே படியும் ஏடே அடியில் இருப்பதற்கு மூடியாகிவிடுகிறது.

ஏட்டைக் கலக்கிவிடக் கூடாது. கலக்கினால் கட்டிகள் பசையெங்கும் பரவி மரையில் சிக்கும். கத்தியால் சுற்றி அறுத்து முழுதாகத் தூக்கி எறிந்தேன். அடியில் கெட்டி மாவுபோல் பசை இருந்தது. பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டு வாங்கி, சில சொட்டு விட்டு, கண்ணாடித் துண்டின் மேல் பட்டையால் பிசைந்தேன். பத்து நிமிடத்தில் பதம் திரும்பியது. மூன்று இணைப்புகளிலும் தாள் நனையவில்லை.

மீந்ததன் மேல் பிளாஸ்டிக் தாளைக் காற்றுப் புகாமல் ஒட்டி அழுத்தி மூடினால் அடுத்த முறை ஏடு கட்டாது. எண்ணெய் துடைத்த துணியை உருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயவையுங்கள். ஈயம் கலந்த பழைய வெள்ளைப் பசை என்று சந்தேகம் வந்தால் குடிநீர்க் குழாய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஷெல்லாக்: 10-க்கு 7

படகு எஞ்சின் மெக்கானிக்குகள் கேஸ்கட்டில் தடவுவது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது என்பதால் இது அசல் உப்பு வகை. தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் ஊற்றி, மூடி, ஓர் இரவு விட்டேன். காலையில் குலுக்கியதும் தேன் பதம். நண்பரின் நாட்டுப்படகு எஞ்சின் மூடியில் தடவிக் கொடுத்தேன், எண்ணெய் கசியவில்லை. பல ஆண்டு காய்ந்து கிடந்த அரக்கு எளிதில் கரையாது. எப்போதும் தண்ணீரில் நனையும் இணைப்புக்கும் ஷெல்லாக் ஏற்றதல்ல.

சிலிகான்: 10-க்கு 6

சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கி இறுகுகிறது. கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இறுகிய சிலிகானை எந்தத் திரவமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது, அது சுண்ணாம்பு. ஆனால் பெரும்பாலும் இறுகியிருப்பது மூக்கு மட்டுமே.

மூக்கைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த அடைப்பை நீண்ட மர ஸ்குரூவால் குத்தித் திருகி இழுத்தேன். ரப்பர் விரல்போல் முழுதாக வந்தது. பின்னால் இருந்தது வினிகர் வாடையோடு மென்மையாக வழிந்தது. அதைச் சமையலறைத் தொட்டி ஓரத்தில் பூசினேன். மறுநாள் நன்றாகப் பிடித்திருந்தது. பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே பூச வேண்டும்.

மூக்கில் ஆணியைச் செருகி வைப்பது பலருடைய வழக்கம். நம் ஊரில் அது வேண்டாம். உப்புக் காற்றும், இந்த வகை சிலிகான் விடும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து இரும்பாணியைத் துருவேற்றி உள்ளேயே பிடித்துக்கொள்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ போடுங்கள். அல்லது வேலை முடிந்ததும் மூக்கு நுனியில் ஓர் அங்குலம் பிதுக்கி அப்படியே விடுங்கள். அதுவே இறுகி மூடியாகும்.

எபாக்சி புட்டி: 10-க்கு 5

எம்-சீல் என்றால் யாருக்கும் புரியும் வகை இது. பிசினும் இறுக்கியும் தனித்தனியாக வரும். இரண்டும் சேர்ந்தபின் கதை முடிந்தது. கலக்காத நிலையில் கெட்டித்திருந்தால் வழி உண்டு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தேன். பிசின் நன்றாக இளகியது. இறுக்கியின் வெளிப்பக்கம் காற்றுப் பட்டுப் பொருக்குத் தட்டியிருந்தது. அதைச் சீவி எறிந்தேன். நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து இரண்டு இடத்தில் அடைத்தேன். ஒன்று கல்லானது, மற்றது மறுநாளும் நகம் பதிந்தது. எனவே முதலில் பட்டாணி அளவு பிசைந்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அது இறுகினால் மட்டும் மீதியைத் தொடுங்கள்.

பிவிசி பேஸ்ட்: 10-க்கு 2

அதிகம் வீணாவதும், அதிகம் தவறாக மீட்கப்படுவதும் இதுதான். டப்பாவில் சால்வென்ட் சிமென்ட் என்றிருக்கும். யுபிவிசிக்கு உரியதற்கு ஐஎஸ் 14182 என்ற இந்தியத் தர எண் உண்டு. இது பெயருக்குத்தான் பசை. குழாயின் மேல்பரப்பையும் எல்போவின் உள்பரப்பையும் கரைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக்காக்குவதே இதன் வேலை. அதற்காகச் சில கரைப்பான்களை அளவாகச் சேர்க்கிறார்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான் 66 டிகிரியில் கொதிக்கும். சைக்ளோஹெக்சனோன் 156 டிகிரியில். ஒன்று சட்டென்று கடிக்கும், மற்றது நின்று நிதானமாக ஊறும். மூடி சரியாக இல்லாத டப்பாவில் முதலில் பறப்பது விரைவாகக் கடிக்கும் கரைப்பான்.

பார்வைக்கு இது காய்வதுதான். ஆனால் எது எவ்வளவு போனது என்பது நமக்குத் தெரியாது. தின்னர் ஊற்றிச் சரிசெய்கிறவர்கள் உண்டு. பெட்ரோல் ஊற்றுகிறவர்களும் உண்டு. பெட்ரோல் பிவிசியைக் கரைக்காது. அசிட்டோன் அதை ஊதவைக்கும், ஒழுங்காகக் கரைக்காது. ஜெல்லிபோல் ஆகியிருந்த டப்பாவில் பெயிண்ட் தின்னர் கலந்து பார்த்தேன். திரவம் தனியாகவும் கட்டி தனியாகவும் நின்றன. அதைத் தடவிய இணைப்பு 24 மணி நேரத்துக்குப் பிறகும் கையால் திருகியதும் கழன்றது. சுவருக்குள் இது நடந்தால் சுவரையே உடைக்க வேண்டும்.

மூன்று டப்பாக்களில் ஒன்றுதான் தேறியது. அதில் பேஸ்ட் சற்றுத் தடித்திருந்தது, அவ்வளவே. மூடியை இறுக்கிக் குலுக்கியதும் கட்டியில்லாமல் பிரஷ்ஷிலிருந்து நூலாக வழிந்தது. எதுவும் சேர்க்காமல் பயன்படுத்தினேன், தாள் நனையவில்லை. வழிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கட்டியாகிவிட்டால் விட்டுவிடுங்கள். இதைத் தயாரிப்பவர்களும் தின்னர் கலக்க வேண்டாம் என்றே சொல்கிறார்கள். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பங்கரையில் திறக்கவே கூடாது.

எறியும் முன்

தேறாத டப்பாக்களைச் சாக்கடையில் கவிழ்க்காதீர்கள். நகரத்தின் நடுவே ஓடும் பக்கிள் ஓடை தெரஸ்புரத்தில் கடலைத் தொடுகிறது. அந்தக் கடல் மன்னார் வளைகுடா. அதன் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். நம் முன்னோர் முத்துக்குளித்த பார்கள் என்னும் கடலடிப் பாறைத்திட்டுகள் கிடப்பதும் அங்கேதான். டப்பாவை மொட்டைமாடியில், நெருப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் திறந்து வைத்து, முழுதும் கல்லான பிறகு குப்பை வண்டியில் போடுங்கள்.

தீர்ப்பு

எண்ணெய்ப் பசையையும் ஷெல்லாக்கையும் தயங்காமல் மீட்கலாம். சிலிகானில் மூக்கின் அடைப்பை மட்டும் எடுத்தால் போதும். எபாக்சியைச் சோதித்துவிட்டுத் தொடலாம். கட்டியான பிவிசி பேஸ்ட்டை மீட்க முயலவே வேண்டாம். மீட்டது எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும் இணைப்புக்கு மட்டுமே. சுவருக்குள் போகும் குழாய்க்கு எப்போதும் புதிய டப்பாதான்.

என் வாளியில் ஏழில் ஐந்து தேறின. தேறாத இரண்டும் பிவிசி பேஸ்ட் டப்பாக்கள். இரண்டிலும் மூடியின் மரையில் பேஸ்ட் உறைந்து, மூடி சரியாக உட்காராமல் இருந்தது. வேலை முடிந்ததும் மூடியின் மரையைத் துடைத்து, இறுக்கி மூடி, திறந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள்.