மேல்மாடியில் ஒருவர் தூங்குகிறார்

‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ (1961) பற்றிப் பேச்சு வந்தால் அதன் அன்பர்கள் ஒரே சமாதானத்தைச் சொல்கிறார்கள்: வெள்ளைக்கார நடிகர் மிக்கி ரூனி யுனியோஷி என்ற ஜப்பானியராக வரும் சில நிமிடங்களை வெட்டிவிட்டால் படத்தில் குறையே இல்லை, அந்தக் காலம் அப்படி.

படத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆட்ரி ஹெப்பர்னின் துள்ளலும் ஹென்றி மான்சினியின் இசையும் இன்றும் வாடவில்லை. ரூனிக்கு அந்த வேடத்தைக் கொடுத்ததற்காக இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் பின்னாளில் வருந்தியதும் உண்மை.

ஆனால் காலத்தின் மேல் பழிபோடுவது செல்லாது. ட்ரூமன் கபோட்டியின் மூலக் குறுநாவல் 1958இல் வந்தது. அதில் யுனியோஷி பத்திரிகைப் புகைப்படக்காரர். ஆப்பிரிக்காவில் அவர் எடுத்த படங்கள்தான் கதையையே தொடங்கிவைக்கின்றன. 1959இல் சாமுவேல் ஃபுல்லரின் ‘தி கிரிம்சன் கிமோனோ’வில் ஜேம்ஸ் ஷிகேட்டா துப்பறிவாளராக வந்தார், வெள்ளைக்காரப் பெண்ணின் காதலையும் வென்றார். இனம் கடந்த காதலைத் தடுத்த தணிக்கை விதி 1956லேயே நீக்கப்பட்டிருந்தது. வழி திறந்திருந்தும் இந்தப் படம் ரூனிக்குத் துருத்திய பொய்ப்பல்லைத் தேர்ந்தெடுத்தது.

என் நெடுநாள் மனத்தாங்கல் பொய்ப்பல்லோடு முடிவதில்லை. ஹெப்பர்ன் நடித்த நாயகி ஹாலி சாவியைத் தொலைப்பவள். அகால நேரத்தில் வீடு திரும்பி மேல்மாடி யுனியோஷியின் அழைப்புமணியை அடிப்பாள். அவளுடைய கவலையற்ற சுதந்திரம் இன்னொருவரின் தூக்கத்தைத் தின்று வளர்கிறது. அவரை ஒரு மனிதராகக் காட்டியிருந்தால் அவள் சுயநலக்காரியாகத் தெரிந்திருப்பாள். கோமாளியாக்கிவிட்டதால் அவருடைய நியாயமான கோபத்துக்கு அரங்கமே சிரிக்கிறது, அவள் தப்பித்துவிடுகிறாள். ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை 1942 முதல் முகாம்களில் அடைத்த நாடு அது. அங்கே அவர்களில் ஒருவரின் கோபத்தைச் சிரிப்புப் பொருளாக்குவது சின்னப் பிழையாகாது. யுனியோஷி நாயகியின் கவர்ச்சியைத் தாங்கும் தூண். தூணை உருவிவிட்டு வீடு அப்படியே நிற்கும் என்கிறார்கள் அன்பர்கள்.

இந்தத் தூண் அந்தக் காலத்து நகைச்சுவைகள் பலவற்றில் உண்டு. ‘மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்’ (1948) படத்தில் விளம்பர வாசகம் அகப்படாமல் கேரி கிராண்டின் வேலையே ஆட்டம் காண்கிறது. கறுப்பினச் சமையற்காரி கஸ்ஸி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி அவரைக் காப்பாற்றுகிறது. கஸ்ஸியாக நடித்தவர் லூயிஸ் பீவர்ஸ். அந்த வரிக்குக் கஸ்ஸி பெற்றது 10 டாலர் சம்பள உயர்வு. கனவு இல்லம் முதலாளி குடும்பத்துக்கு. இதை மகிழ்ச்சியான முடிவு என்று நம்பச் சொல்கிறது படம்.

ஆகவே, திரையில் வெள்ளையர் அல்லாத முகங்கள் எத்தனை என்று எண்ணுவது போதாது. யாருடைய உழைப்பில் இந்தக் காதல் நடக்கிறது, யாருடைய களைப்பு கணக்கில் வருவதில்லை என்று கேட்க வேண்டும். அந்த மணி அடிக்கும்போது என் கண் ஹாலியை விட்டுவிட்டு மாடிப்படிக்குப் போகிறது. அங்கே எழுந்து வருபவருக்கு விடிந்தால் வேலை இருக்கிறது.