அசைவை அளப்பதும் ஊகிப்பதும்

“அசையாமல் படுத்திருங்கள்” என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் கதவைச் சாத்துகிறார். கை கால் நடுங்கும் பார்கின்சன் நோயாளியும், முதுகுவலியில் நெளிபவரும், நான்கு வயதுக் குழந்தையும் என்ன செய்வார்கள்? 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெளிநோயாளிகளின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் 7.5 விழுக்காட்டில் அசைவின் பாதிப்பு கணிசமாகத் தெரிந்தது. உள்நோயாளிகள், அவசரப் பிரிவினரிடம் அது 29.4 விழுக்காடு. அசைவைத் திருத்தும் நுட்பங்களை இவர்களை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. படம் ஒரு நொடியில் பதிவதில்லை. ‘கே-ஸ்பேஸ்’ என்னும் தளத்தில் தரவு வரிவரியாக, பல நிமிடங்கள் சேர்கிறது. ஒவ்வொரு வரியிலும் முழுப் படத்தின் சாயலும் கலந்திருப்பதால், நடுவில் ஒருமுறை தலை திரும்பினாலே படம் முழுக்க மங்கல், இரட்டை விளிம்பு, பேய் நிழல்.

1999-இல் ஜேம்ஸ் பைப் முன்வைத்த ‘புரொப்பெல்லர்’ முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். காற்றாடி இறக்கைகள்போலத் தரவைப் பட்டை பட்டையாகச் சுழற்றி எடுக்கிறது. எல்லாப் பட்டைகளும் மையத்தைக் கடந்தே செல்கின்றன. அந்த மையப் பகுதிகளை ஒப்பிட்டால் தலை எவ்வளவு திரும்பியது, எவ்வளவு நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். மோசமான பட்டையின் பங்கைக் குறைத்துவிடலாம். நோயாளி அசைந்ததற்கான சாட்சி அவருடைய தரவிலேயே இருக்கிறது. இதற்கு விலை, மையத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் நீளும் நேரம். குறுக்குவெட்டுப் படம் எடுக்கும்போது நோயாளி தலையை மேலும் கீழும் ஆட்டினால், அந்த வெட்டுத்தளமே நழுவிப்போகும். அப்போது இந்த முறையும் கைவிரித்துவிடும்.

கேமராவால் தலையைத் தொடர்ந்து கவனித்து, ஸ்கேன் நடக்கும்போதே வெட்டுத்தளத்தை நகர்த்தும் வழி அங்கே கைகொடுக்கும். ஆனால் நெற்றியில் ஒட்டிய குறி, நோயாளி புருவம் சுளித்தால் தோலோடு நகரும். தலை அசைந்ததாகக் கருவி தவறாக எண்ணி, நன்றாக இருந்த படத்தையும் கெடுத்துவிடலாம்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது, மங்கலான படத்தைக் கொடுத்தால் கூர்மையாக்கித் தரும் ஆழ்கற்றல் முறை. அந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, பயிற்சிக்குக் கொடுத்த பிறருடைய படங்களிலிருந்து. ஸ்கேனை விரைவாக்குவதற்காக 2020-இல் நடந்த ‘ஃபாஸ்ட்எம்ஆர்ஐ’ போட்டியில், மூளையில் இல்லாத அமைப்புகளைச் சில நிரல்கள் வரைந்திருந்தன. அசைவுத் திருத்தத்திலும் இதே அபாயம் உண்டு. மங்கல் படத்தைக் கண்டால் மருத்துவர் சந்தேகப்படுவார். பளிச்சென்ற பொய்யை நம்பிவிடுவார்.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பதே போதுமா என்றால், அதுவும் இல்லை. 2015-இல் வெளியான இன்னோர் ஆய்வில், வேண்டுமென்றே தலையசைத்த தன்னார்வலர்களின் மூளைச் சாம்பல்நிறப் பகுதி, கணினி அளவீட்டில் உள்ளதைவிடச் சிறுத்துத் தெரிந்தது. தரம் குறைந்த படங்களை நீக்கிய பிறகும் அந்தப் பிழை நீங்கவில்லை. ஓரிடத்தில் அமைதியாகப் படுக்க முடியாத முதியவருக்கு இல்லாத மூளைச் சுருக்கத்தை இது ஏற்றிச் சொல்லக்கூடும். அதனால் திருத்திய படத்தோடு திருத்தாத படமும், நோயாளி எப்போது எவ்வளவு அசைந்தார் என்ற பதிவும் சேர்ந்தே ரேடியாலஜிஸ்டின் திரைக்கு வரவேண்டும்.