கதவில்லா விசாரணை: ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சியில் எளியோர் பேச்சு

2011இல் ஜீ தமிழ்த் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ பற்றிய விவாதம் பெரும்பாலும், அதில் வெளிப்பட்டவை மெய்யா நாடகமா என்னும் வினாவிலேயே நின்றுவிடுகிறது. அது பார்வையாளரின் வினா. பங்கேற்றோர் எந்நிலையில் பேசினர் என்பதே ஆராயத்தக்கது.

நிகழ்ச்சியின் பெயர் நீதிமன்ற உறுதிமொழியை நினைவூட்டுகிறது. ஆனால் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒரு தரப்பினர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்கிறது. அதே மணமுறிவும் அதே ஐயமும் படப்பிடிப்பு அரங்கிற்கு வரும்போது அடைப்பதற்குக் கதவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில்கூடக் கேட்டவர்கள் ஊரார் மட்டுமே (அதன் கொடுமைகள் வேறு).

விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’ இத்தகையதன்று. அங்குப் பேசியோர் தலைப்புக்கேற்ப ஆயத்தமாகி வந்தனர். தம் வறுமையைச் சொன்னபோதும் மேடைத்தமிழ் அவர்களுக்குப் போர்வையாயிற்று. இங்கோ வீட்டுப் பேச்சு, இடைமறிக்கும் வினாக்களால் துண்டுதுண்டாகப் பெறப்பட்டது. மக்கள் நினைவில் நின்றதும் பங்கேற்றோர் சொல்லன்று. ‘என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா’ என்னும் நெறியாளரின் தொடரே. அது பகடியாகித் திரைப்பாடல் வரை சென்றது. யாரை நோக்கி அது சொல்லப்பட்டது, அவர் என்ன மறுமொழி தந்தார் என்று கேட்பார் அரியர்.

2018இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் பல பகுதிகள் யூடியூபில் பரவியிருந்தன. ஒருநாள் படப்பிடிப்புக்குத் தந்த ஒப்புதல் அவற்றுக்கும் பொருந்துமா? அன்று தாயின் மடியிலிருந்த குழந்தை இன்று அவற்றைத் தேடிக் காணும் அகவையை எட்டியிருக்கும்.